சேமநிதிப் பணத்தை எடுத்து அனுவிட்டியில் போடலாமா?

ஐயா, நீங்கள் கேட்டது "எந்த நிறுவனத்தின் அனுவிட்டி நல்லது" என்று. அனுவிட்டி என்றால், மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டு மாதாமாதம் வருமானம் வாங்கும் ஏற்பாடு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. உங்களுக்கு 60 வயது. பினாங்கின் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். இபிஎஃப் என்ற மலேசியத் தொழிலாளர் சேமநிதியில் 340,000 ரிங்கிட் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவுக்கு 55 வயது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார், அவர் பெயரில் சேமநிதி எதுவும் இல்லை. உங்கள் மாமா மகன் காப்புறுதி ஏஜெண்டு. 200,000 ரிங்கிட்டை ஒரே தடவையாகக் கட்டினால் மாதம் 1,350 வரும், 80 வயதுவரை "கேரண்டி" என்கிறார். அவர் கொடுத்த பேப்பரில் ஒரு பத்தியில் 1,000 என்றும் இன்னொன்றில் 1,350 என்றும் இருப்பதாக நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானோ, தனக்குச் சாகும்வரை மாதாமாதம் பணம் வரும் என்று சொல்கிறார். அப்படியானால் நீங்கள் கேட்பது இதுதான்: மச்சானுக்குக் கிடைப்பதும் மாமா மகன் விற்பதும் ஒன்றுதானா, அதற்காக இபிஎஃப்-இல் இருப்பதைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாமா?

நான் கோலாலம்பூரில் காப்புறுதி நிறுவனங்களில் பிரீமியம் கணக்கிடும் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியவன். இப்போது எதையும் விற்பதில்லை. உங்கள் பேப்பரை நான் பார்க்கவில்லை, உங்கள் உடல்நிலையும் தெரியாது. அதனால் "வாங்கு", "வாங்காதே" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு கேட்காதீர்கள். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே நிறையச் சொல்ல முடியும்.

முதலில் அனுவிட்டி என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பலர் அதை ஒரு முதலீடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு காப்புறுதி. ஆயுள் காப்புறுதி சீக்கிரம் சாவதற்கு எதிரானது என்றால், இது கையில் பணம் தீர்ந்த பிறகும் உயிரோடு இருப்பதற்கு எதிரானது. நம் ஆட்கள் போடும் கூட்டுச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள் (1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள், அது வேறு கதை). 80 வயதுக்காரர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரிங்கிட் போடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. ஒருவர் இறந்துபோனால் மீதி ஒன்பது பேருக்கு ஆளுக்கு 1,111 கிடைக்கும். ஒரு காசு வட்டி இல்லாமலே 11 சதவீதம். வங்கி வட்டியைப் போன்ற வருமானம் அல்ல இது, ஏனென்றால் இது இறந்தவரின் பங்கிலிருந்து வருகிறது. அனுவிட்டியின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகவே விளங்கும். ஒன்று, இறந்தவரின் பணம் குடும்பத்துக்குத் திரும்பிப் போகும் என்றால் இந்தக் கூடுதல் இருக்காது. இன்னொன்று, 60 வயதில் ஒரு வருஷத்துக்குள் இறப்பவர் நூற்றில் ஒருவரோ இருவரோதான் என்பதால், அந்த வயதில் கிடைக்கும் கூடுதல் மிகச் சிறியது. வயது ஏற ஏறத்தான் அது பெரிதாகும். இந்த இரண்டாவதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், உங்கள் விஷயத்தில் அது முக்கியம்.

சரி, மலேசியாவில் "ஓய்வுகால வருமானத் திட்டம்" என்ற பெயரில் கடையில் கிடைப்பது எது? பெரும்பாலும் சேமிப்புக் காப்புறுதிதான். கட்டிய பணத்தைக் கொஞ்சம் வட்டியோடு 70, 80 அல்லது அதற்கும் மேற்பட்ட ஒரு வயதுவரை பிரித்துக் கொடுப்பார்கள். நடுவில் இறந்தால் மிச்சம் குடும்பத்துக்கு வரும். இதில் தப்பு எதுவும் இல்லை, நேர்மையான சரக்குதான். ஆனால் கூட்டுச் சீட்டின் கூடுதல் இதில் இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பணம் வயதில் நிற்குமா, மூச்சில் நிற்குமா என்பது. மூச்சு உள்ளவரை வந்தால் அது அனுவிட்டி. 80 வயதில் நின்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது உங்கள் பணத்தை உங்களுக்கே தவணையில் திருப்பித் தரும் ஏற்பாடு. மாமா மகன் சொன்னபடி பார்த்தால் உங்களுடையது 80-இல் நிற்கிறது. நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டிய வயது 80-க்குப் பிறகுதானே தொடங்குகிறது?

இப்போது அந்தப் பேப்பருக்கு வருவோம். காப்புறுதி நிறுவனங்கள் கொடுக்கும் விளக்கப் பட்டியலில் இடது ஓரத்தில் வருஷமும் உங்கள் வயதும் இருக்கும். அடுத்து நீங்கள் கட்டியது. அப்புறம் "உத்தரவாதம்" என்ற தலைப்பின் கீழே சில பத்திகள், "உத்தரவாதம் இல்லாதது" என்ற தலைப்பின் கீழே சில பத்திகள். இந்த இரண்டாவது கூட்டத்தில் எக்ஸ், ஒய் என்று இரண்டு நிலைகளைக் காட்டுவார்கள். நிறுவனத்தின் நிதி நன்றாகச் சம்பாதித்தால் ஒன்று, சுமாராகச் சம்பாதித்தால் இன்னொன்று. ஏஜெண்டின் விரல் எப்போதும் பெரிய எண்ணின் மேல்தான் நிற்கும், அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பிழைப்பு அது. 1,000 என்று நீங்கள் பார்த்தது உத்தரவாதப் பத்தியாகத்தான் இருக்க வேண்டும், 1,350 என்பது நிதி நன்றாகச் சம்பாதித்தால் கிடைக்கும் போனஸையும் சேர்த்த எண். "கேரண்டி" என்ற சொல் 1,000-க்கு மட்டும்தான் பொருந்தும். வலது பக்கம் எங்காவது "சரண்டர் மதிப்பு" என்று ஒரு பத்தி இருக்கும், அதையும் பாருங்கள். நடுவில் பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைப்பது அது. முதல் சில வருஷங்களில் அது நீங்கள் கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000, இருபது வருஷம், மொத்தம் 240,000. கட்டுவது 200,000. "40,000 லாபம்" என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அதை வருஷ வட்டியாக மாற்றினால் இரண்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. போனஸெல்லாம் சொன்னபடி விழுந்து முழு 1,350-உம் இருபது வருஷமும் வந்தால் ஏறத்தாழ 5.4 சதவீதம். முடிவில் முதிர்வுத் தொகை என்று ஏதாவது இருந்தால் இரண்டு எண்ணும் சற்று உயரும். அதைப் பேப்பரில் பாருங்கள். இதை இபிஎஃப்-உடன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு இபிஎஃப் அறிவித்த லாப ஈவு (வருஷாவருஷம் சேமிப்பில் சேர்க்கும் லாபப் பங்கு) 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 சதவீதம். அதாவது மாமா மகன் காட்டும் மிகச் சிறந்த கனவு, நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிடைத்துக்கொண்டிருப்பதுதான்.

"லாப ஈவுக்கு உத்தரவாதம் இல்லையே" என்பார். நியாயமான பதில். ஆனால் பாதி நியாயம்தான். சாதாரணச் சேமிப்புக்குக் குறைந்தபட்சம் 2.5 சதவீதம் தர வேண்டும் என்று சேமநிதிச் சட்டமே சொல்கிறது (ஷரியா கணக்குக்கு இந்தக் குறைந்தபட்சம் கிடையாது, உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்). ஆகவே இரண்டு உத்தரவாதங்களையும் நேருக்கு நேர் நிறுத்துவோம். 200,000 ரிங்கிட்டை இபிஎஃப்-இலேயே வைத்து, அதிலிருந்து மாதம் 1,000 எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மிக மோசமாக, ஒவ்வொரு வருஷமும் 2.5 சதவீதம்தான் கிடைத்தது என்றால் பணம் இருபத்தொரு வருஷத்துக்கு மேல் வரும். மாமா மகன் திட்டத்தின் உத்தரவாதம் இருபது வருஷம். 4 சதவீதம் கிடைத்தால் 27 வருஷம், உங்களுக்கு 87 வயதுவரை. 5 கிடைத்தால் 34 வருஷத்துக்கு மேல், 94 வயதைத் தாண்டிவிடும். இபிஎஃப்-இல் 100 வயதுவரை பணத்தை வைத்திருக்கலாம், லாப ஈவும் வரும். அவசரம் என்றால் மொத்தமாகவும் எடுக்கலாம், சரண்டர் என்ற பேச்சே இல்லை. மாதாமாதம் இவ்வளவு என்று அவர்களே உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடும் ஏற்பாடும் இருக்கிறது. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, உங்களிடம் காட்டப்பட்ட அந்தத் திட்டத்துக்காக இபிஎஃப்-இலிருந்து பணத்தை எடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் தயங்காமல் சொல்கிறேன்.

மற்ற இடங்களில் தயக்கம் உண்டு. இனி வரும் லாப ஈவு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது, 6.30 என்பதைப் பார்த்துவிட்டு அதையே வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். நான் 5 வைத்துக் கணக்குப் போடுவேன், மனசுக்குள் 4-க்குத் தயாராக இருப்பேன். அதைவிடப் பெரிய விஷயம் விலைவாசி. வருஷத்துக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய 1,000 ரிங்கிட் இருபது வருஷம் கழித்து 550 ரிங்கிட்டின் வேலையைத்தான் செய்யும். பட்டர்வொர்த்தில் இருபது வருஷத்துக்கு முன் ஒரு வாழையிலைச் சாப்பாடு என்ன விலை, இப்போது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மாமா மகனின் 1,000 கடைசிவரை 1,000-தான், ஏறாது. இபிஎஃப்-இலும் நீங்கள் எடுப்பதை வருஷாவருஷம் 3 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், 5 சதவீத லாப ஈவு கிடைத்தாலும் அந்த 200,000 இருபது வருஷத்தைச் சுற்றித் தீர்ந்துவிடும். மேலே சொன்ன 34 வருஷம் என்பது எடுக்கும் தொகையைக் கூட்டாமல் இருந்தால் மட்டும். இதைச் சொல்லாமல் இபிஎஃப்-ஐ மட்டும் புகழ்ந்தால் நானும் இன்னொரு விற்பனையாளன் ஆகிவிடுவேன்.

அப்படியானால் அனுவிட்டியே வேண்டாமா என்று கேட்டால், அப்படியும் சொல்ல மாட்டேன். உண்மையான, மூச்சு உள்ளவரை தரும் அனுவிட்டிக்குச் சாதகமாக ஒரு பெரிய வாதம் இருக்கிறது. அது வட்டிக் கணக்கில் அடங்காது. எடுக்க முடிகிற பணம் எடுக்கப்படும். மகள் கல்யாணம், மகனின் வியாபாரம், கார் வாங்கக் கைக்கடன், "இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று வரும் மோசடிக்காரன் என்று சேமநிதிப் பணத்துக்கு வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். 60 வயதில் உங்களால் இதையெல்லாம் சமாளிக்க முடியும். 82 வயதில் ஞாபகம் தடுமாறும்போது, கைப்பேசியில் ஒருவன் போலீஸ் என்று சொல்லி மிரட்டும்போது, அந்தக் கணக்கில் பெரிய தொகை இல்லாமல் மாதம் ஒரு தொகை வந்து விழுந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். யாரும் பிடுங்க முடியாத, நாமே நினைத்தாலும் கரைக்க முடியாத வருமானம். அரசாங்கப் பென்ஷன் வாங்குபவர்கள் கொஞ்சம் நிம்மதியாக நடமாடுவதற்கு இதுதான் காரணம். உங்களுக்குக் கை இறுகலா, இளகலா? குடும்பத்தில் யாராவது கேட்டால் "இல்லை" என்று சொல்ல வருமா? இதற்கு உண்மையான பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வராது என்றால், கணக்கில் கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் ஒரு பகுதியைப் பூட்டி வைப்பது புத்திசாலித்தனம்தான். அப்போதும் வயதில் நிற்கும் திட்டத்தில் வேண்டாம்.

மச்சான் சொல்வதையும் பார்த்துவிடுவோம். அவருக்கு வருவது சிபிஎஃப் லைஃப், சிங்கப்பூர் அரசு 2009-இல் தொடங்கியது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டாயச் சேமிப்பாகப் போட்டதில் ஒரு பகுதி பொதுத் தொகுப்பில் சேர்ந்து, 65 வயதிலிருந்து உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும். வருஷத்துக்கு 2 சதவீதம் ஏறும் வகையும் உண்டு. கூட்டுச் சீட்டின் தத்துவம் வேலை செய்வது அங்கேதான். அது கட்டாயம் என்பதால் நோயாளியும் ஆரோக்கியசாலியும் சேர்ந்தே உள்ளே இருக்கிறார்கள். விருப்பப்பட்டவர் மட்டும் வாங்கலாம் என்றால், "நான் நூறு வயது இருப்பேன்" என்று நம்புகிறவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். அதனால் நிறுவனம் விலையை ஏற்றித்தான் வைக்கும். இங்கேயும் 2000-ஆம் ஆண்டில் இபிஎஃப் ஓர் அனுவிட்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது, காப்புறுதி நிறுவனங்கள் வழியாக. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. மறு வருஷமே அதை நிறுத்திவிட்டார்கள். என் தனிப்பட்ட கருத்து, அதைத் திருத்தி நடத்தியிருக்கலாம். மொத்தமாகக் கைவிட்டதில் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம். 2025 ஜூலையில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில் (அரசின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம்), சேமநிதியின் ஒரு பகுதியை மாத வருமானமாகத் தரும் யோசனை மறுபடி எட்டிப்பார்த்தது. ஆனால் உங்கள் வயதுக்காரர்களை மனதில் வைத்து அல்ல. ஆக, மச்சானுக்கு இருப்பது அப்படியே உங்களுக்கு இங்கே இல்லை. அவரோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவச் செலவில் நீங்கள் அவரைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சொற்பக் கட்டணம்தான்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியாக மட்டும் வந்துபோன ஒருவர் இருக்கிறார், வீட்டுக்காரம்மா. என்னைக் கேட்டால் இந்தக் கணக்கே அவருக்காகப் போட வேண்டியது. அவர் உங்களைவிட ஐந்து வயது இளையவர், பெண்கள் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். நீங்கள் போன பிறகு அவர் தனியாகப் பத்து வருஷம், ஏன் அதற்கு மேலும் இருக்கக்கூடும். ஆகவே இந்தப் பணம் 20 வருஷத்துக்கு அல்ல, 35 வருஷத்துக்கு ஓட வேண்டியது. உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் ஓடும் ஆயுள் அனுவிட்டியை வாங்கினால், உங்கள் மூச்சோடு அவருடைய சாப்பாட்டுக் காசும் நின்றுவிடும். எப்போதாவது உண்மையான அனுவிட்டி வாங்கினால் இரண்டு பேரில் யார் உயிரோடு இருந்தாலும் வரும் வகையைத்தான் கேட்க வேண்டும். மாதத் தொகை குறையும், குறையட்டும். இபிஎஃப்-இல் அவரை வாரிசாக நியமித்திருக்கிறீர்களா என்று இந்த வாரமே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மாற்றாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்துக்களும் மற்ற முஸ்லிம் அல்லாதவர்களும் நியமித்த வாரிசுக்கு அந்தப் பணம் சொந்தமாகவே போய்ச் சேரும், கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அவர் ரவிக்கை தைத்துச் சம்பாதிப்பதால் சுயதொழில் செய்பவராக இபிஎஃப்-இன் ஐ-சாரான் என்ற விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். இப்போதைய விதிப்படி 60 வயதுக்கு உட்பட்டவர்கள் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 சதவீதம் சேர்த்துத் தருகிறது, வருஷத்துக்கு உச்சம் 500 ரிங்கிட். அதாவது வருஷம் 2,500 போட்டால் 500 இலவசம், மேலே லாப ஈவு வேறு. ஐந்து வருஷம் செய்தால் அரசாங்கப் பணமே 2,500 ஆகிவிடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்குகிறது, 500 ரிங்கிட்டை வேறு யார் சும்மா தருவார்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். 340,000-ஐயும் இருக்கும் இடத்திலேயே விடுவேன். அதில் 40,000-ஐ மருத்துவத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று மனசில் தனியாகக் கோடு போட்டு வைப்பேன். மீதி 300,000-இலிருந்து வருஷத்துக்கு 5 சதவீதம், மாதம் 1,250 ரிங்கிட் எடுக்கத் தொடங்குவேன். லாப ஈவு 5 சதவீதம் வந்து, எடுப்பதை வருஷம் 3 சதவீதம் கூட்டிக்கொண்டு போனால் இது ஏறத்தாழ 25 வருஷம் வரும், அப்போது வீட்டுக்காரம்மாவுக்கு 80. போதாது என்று தோன்றுகிறதல்லவா? அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வேன். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ லாப ஈவு அறிவிப்பு வரும். 5-க்குக் கீழே வந்த வருஷத்தில் எடுக்கும் தொகையைக் கூட்ட மாட்டேன். ஒன்றிரண்டு வருஷம் அப்படிப் பிடித்து வைத்தாலே கடைசியில் சில வருஷங்கள் கூடும். 1,250 குடும்பத்துக்குப் பற்றவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஏதாவது லேசான வேலை பார்ப்பது எந்த அனுவிட்டியையும்விட நல்லது: அந்த வருஷங்களில் பணம் எடுக்காமல் இருப்பீர்கள், அதுவும் வளர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு 70 வயதுக்கு மேல், 75-ஐ நெருங்கும்போது மறுபடி அனுவிட்டியைப் பற்றி யோசிப்பேன். மேலே சொன்ன கூட்டுச் சீட்டுக் கணக்கு அந்த வயதில்தான் பலன் தர ஆரம்பிக்கிறது, பணத்தைக் கையாளும் தெம்பும் அப்போதுதான் குறைகிறது. அப்போது சந்தையில் உயிர் உள்ளவரை தரும் சரக்கு நியாயமான விலையில் கிடைத்தால், அரிசி, கரண்டுப் பில், மருந்து என்று தவிர்க்க முடியாத செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் வாங்குவேன். முழுப் பணத்தையும் ஒருபோதும் போட மாட்டேன். கிடைக்குமா, என்ன விலைக்கு என்பதை இன்று சொல்ல முடியாது. இனிப்பு நீர் முற்றி டயாலிசிஸ் போகிற நிலை, இருதய அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் வாங்கவே மாட்டேன்; நீண்ட ஆயுள்காரர்களுக்கு நான் பணம் கட்டுவதாகிவிடும்.

நீங்கள் சின்னதாகக் கேட்ட இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் திவாலானால் என்ன ஆகும்? பிஐடிஎம் என்ற அரசுப் பாதுகாப்பு, வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோலக் காப்புறுதிக்கும் உண்டு. அனுவிட்டி வருமானத்துக்கு மாதம் 10,000 ரிங்கிட் வரையும், முதிர்வுத் தொகைக்கு 500,000 வரையும். அந்தப் பயம் வேண்டாம். இரண்டாவது, வரிச் சலுகை. பணம் கட்டிச் சில வருஷம் கழித்து வருமானம் தரத் தொடங்கும் அனுவிட்டிக்கும் தனியார் ஓய்வூதியத் திட்டத்துக்கும் சேர்த்து வருஷம் 3,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு என்பது உண்மை. ஆனால் வரி கட்டுபவருக்குத்தான் அது பயன். ஓய்வு பெற்று, வேறு வருமானம் இல்லாமல் இருக்கும் உங்களுக்கு அதனால் ஒரு காசு மிச்சமில்லை. இதைக் காரணமாகக் காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

மாமா மகனிடம் எப்படி மறுப்பது என்பது கணக்கைவிடக் கஷ்டமான பிரச்சினை. சொந்தக்காரன், நாளைக்கு விசேஷத்தில் முகம் பார்க்க வேண்டும். சண்டை போட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் அவர் கையாலேயே நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: உத்தரவாதமான மாதத் தொகை மட்டும் எவ்வளவு, எந்த வயதில் நிற்கும், ஐந்தாவது வருஷம் பணத்தைத் திரும்பக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும், நான் இறந்தால் மனைவிக்கு என்ன வரும். எழுதிக் கொடுத்தால் அதைக் கொண்டுபோய், விற்பனை கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் உரிமம் பெற்ற நிதி ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். கொஞ்சம் செலவாகும், 200,000 விஷயத்தில் அது தண்டம் இல்லை. எழுதித் தர இழுத்தடித்தால் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

ஒருவேளை அவர் அவசரப்படுத்தி, நீங்கள் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் (கேள்வியின் கடைசி வரி எனக்குக் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது), பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பாலிசியைத் திருப்பிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனைச் செலவு ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு கட்டிய பணத்தைத் தந்துவிட வேண்டும். ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, நிறுவனத்தின் கிளைக்கே போய் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திரும்பி வரும் பணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 75 வயதுக்கு உட்பட்ட எவரும் சொந்த விருப்பத்தில் வருஷத்துக்கு 100,000 ரிங்கிட் வரை இபிஎஃப்-இல் மறுபடி போடலாம், ஆகவே இந்த வருஷம் பாதி, அடுத்த ஜனவரியில் மீதி என்று பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம்.